வெட்ஸ்லரில் ஆறு நாள்: ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், இரண்டு மூடி

ஜெர்மனியின் வெட்ஸ்லரிலிருந்து திரும்பி வந்து மூன்று வாரம் ஆயிற்று. ஐந்து ஃபிலிம் ரோல்களையும் கழுவி, எடுத்த படமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக வரும் கான்டாக்ட் ஷீட்டை ஜன்னலோரம் வைத்துப் பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து முடித்தபின்தான் இதை எழுத உட்காருகிறேன். அன்றன்று இரவு நோட்டில் கிறுக்கியதை நாள்வாரியாகவே தருகிறேன். ஃபிலிம் கழுவியபின் தெரியவந்ததை ஆங்காங்கே செருகியிருக்கிறேன்.

கொண்டுபோனது இவ்வளவுதான்: பழைய லைக்கா எம்6. ஃபோக்ட்லேண்டர் கலர்-ஸ்கோபார் 35 மி.மீ., எஃப் 2.5. லைக்கா டெலி-எல்மாரிட் 90 மி.மீ., எஃப் 2.8, மெலிந்த வகை. இரண்டுக்குமே 39 மி.மீ. ஃபில்டர், ஆகவே மஞ்சள் ஃபில்டர் ஒன்று போதும். ஃபிலிம் முழுக்க இல்ஃபோர்ட் எச்பி5, கறுப்பு-வெள்ளை. இந்த ஜோடியை முடிவுசெய்ய நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கல்யாணத்துக்கே ஜாதகம் பார்த்து முடித்திருக்கலாம். மி.மீ. எண் குறைந்தால் காட்சி அகலும், கூடினால் தூரம் கிட்டே வரும். அதில் 35-ம் 50-ம் ரொம்ப நெருங்கின சொந்தம். 28-ம் 50-ம் என்றால், படத்தில் எதுவரை அடங்கும் என்று வியூஃபைண்டரில் காட்டும் 28-இன் கோடு கண்ணாடி போட்ட என் கண்ணுக்கு ஓரத்தில் மறைந்துவிடும். 50-ம் 90-ம் என்றால் சந்துகளில் முதுகு சுவரில் முட்டும். கடைசியில் 35-ம் 90-ம். அகலத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று, நடுவில் இருப்பதைக் காலால் நடந்து சரிக்கட்டலாம் என்பது கணக்கு. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 9, புதன். வெட்ஸ்லர் போகும் வழியில் மார்பர்க்

ஜெர்மனிக்கு எத்தனையோ காரணத்துக்காகப் போவார்கள். நான் போனது லைக்கா கேமராவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக் நடந்த தெருவில் நடக்க. சின்னம்மா மகன் வெட்ஸ்லரில் ஒரு கண்ணாடி-நுண்ணோக்கிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்பது வசதியாகப் போயிற்று. அந்த ஊருக்கு அதுதான் தொழில். 1849-இல் கார்ல் கெல்னர் அங்கே ஒளியியல் பட்டறை தொடங்கினார். அதுதான் பிறகு எர்ன்ஸ்ட் லைட்ஸ் கைக்கு வந்து, லைக்கா என்ற பெயருக்கும் வித்தாயிற்று.

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரே ரயில், இறங்கி ஏற வேண்டாம் என்று தம்பி சொல்லியிருந்தான். அந்த ஒரே ரயில் கீஸனில் இரண்டாகப் பிரியும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டான். முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம். நான் உட்கார்ந்திருந்த பாதி மார்பர்க் பக்கம் போயிற்று. ஜன்னலில் மழைக்கோடுகளைப் பார்த்து, 35-ஐ எஃப் 8-இல் வைத்து, 3 மீட்டரில் நிறுத்தினால் ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை கூர்மையாக வரும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ரயில் பிரிந்ததே தெரியவில்லை.

மார்பர்க் பிளாட்பாரத்தில் விழித்துக்கொண்டு நின்றபோது ஒரு பாட்டி வந்தார். ஆங்கிலம் அவருக்கு வராது, ஜெர்மன் எனக்கு வராது. கையிலிருந்த செய்தித்தாளின் ஓரத்தில் ரயில் நேரத்தையும் பிளாட்பார எண்ணையும் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அதோடு போகவில்லை. என் ரயில் வரும்வரை பக்கத்திலேயே நின்று, எந்தப் பெட்டி என்று விரலால் காட்டி, நான் ஏறியபின் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சிரிக்கவே இல்லை. அந்த ஊரில் கருணை அப்படித்தான் முகத்தை இறுக்கிக்கொண்டு வருகிறது.

காபி 2 யூரோ 90. அதைக் குடித்த நேரத்தில் பாட்டியைப் படமெடுக்கலாமா என்று யோசித்தேன், கேட்கக் கூச்சம். கேமரா பையிலேயே இருந்தது.

அக்டோபர் 10, வியாழன். ஐசன்மார்க்ட்

காலை 8 டிகிரி. தம்பி வேலைக்குக் கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனான்: "அக்கா, சிவப்பு விளக்குல ரோட்டைக் கடக்காதே. வண்டி வரலைன்னாலும் கடக்காதே."

கடந்தேன். எதிர்ப்பக்கம் குழந்தையோடு நின்ற ஒரு பெண்மணி, குழந்தையைக் காட்டி என்னிடம் இரண்டு வாக்கியம் சொன்னார். மொழி புரியாவிட்டாலும் திட்டு புரிந்தது.

பழைய ஊர் மேட்டில் இருக்கிறது. மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள், வழுக்கும் கல் பதித்த தெருக்கள், எங்கு திரும்பினாலும் ஏற்றம். 1914-இல் பார்னாக் தன் சோதனைக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து படமெடுத்த இடம் ஐசன்மார்க்ட். அவருக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தட்டுகளையும் பெரிய பெட்டியையும் சுமந்து மலையேற முடியாமல்தான், சினிமா ஃபிலிமை வைத்து ஒரு கைப்பெட்டி செய்தார் என்பார்கள். சினிமாவின் 18-க்கு 24 மி.மீ. கட்டத்தை இரட்டிப்பாக்கினால் 24-க்கு 36. இன்றும் அதே அளவுதான். இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றபோது அந்தக் கதையை முழுசாக நம்பினேன்.

அவர் நின்ற இடத்துக்குத் தரையில் அடையாளம் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் நின்று 35-ஐப் போட்டேன். எதிரே அந்த வீடு, முன்னால் தேவையில்லாத கல்தரை பாதிக்கு மேல். எம்6-இல் லென்ஸ் பொருத்தும் வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதைத் தள்ளினால், லென்ஸைக் கழற்றாமலே மற்ற லென்ஸின் கோடுகள் வியூஃபைண்டரில் எட்டிப்பார்க்கும். தள்ளினேன். 90-இன் கட்டம் தபால்தலை அளவுக்கு நடுவில் தோன்றியது. ஒரு ஜன்னலும் கால்வாசிக் கதவும் அதற்குள். நான் காலால் நடந்து சரிக்கட்டுவதாக இருந்த நடுப்பகுதி இதுதான். ஆனால் நடந்தால் பார்னாக் நின்ற இடம் போய்விடுமே!

அப்புறம்தான் உறைத்தது. பார்னாக் முதல் கேமராவில் வைத்திருந்தது 42 மி.மீ. லென்ஸ். 24-க்கு 36 கட்டத்தின் மூலைவிட்டம் 43 மி.மீ. சொச்சம், அதற்கு ஒட்டியது. 1925-இல் கடைக்கு வந்த லைக்காவில் மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. இருந்தது. ஊருக்கே தெரிந்த அந்த இரண்டு அளவையும் விட்டுவிட்டு, ஒன்று இந்தப்பக்கம் ஒன்று அந்தப்பக்கம் என்று தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறேன்.

சரி என்று 35-இலேயே ஒன்பது படம் எடுத்தேன். மண்டியிட்டு, நின்று, ஒரு சைக்கிள் கடக்கக் காத்திருந்து. பத்தாவதுக்கு அப்பர்ச்சரைத் திருப்பக் கையை வைத்தால் விரலில் வழுவழுவென்று மூடி.

எம்6 மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வைத்திருப்பவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். எஸ்எல்ஆர் வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் மூடி இருந்தால் இருட்டாகத் தெரியும். இதில் நாம் பார்க்கும் ஜன்னல் வேறு, ஃபிலிம் பார்க்கும் ஜன்னல் வேறு. வியூஃபைண்டரில் உலகம் பளிச்சென்று இருக்கும், ஃபிலிமுக்கு அமாவாசை. மீட்டரின் சிவப்பு விளக்கு வெளிச்சம் போதாது என்று கத்திக்கொண்டுதான் இருந்தது. மேகமூட்டம் என்று நினைத்து ஷட்டரைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

ஒன்பது கட்டம் கறுப்பு. அந்தக் கான்டாக்ட் ஷீட்டின் இரண்டாவது வரி முழுக்கத் தார் பூசியதுபோல் இருக்கிறது. மூடியைக் கழற்றி எடுத்த பத்தாவதில் வீட்டு வாசலை ஒரு டெலிவரி வேன் மறைத்துக்கொண்டது.

மத்தியானம் ஒரு பேக்கரியில் பிளம்ஸ் கேக். அக்டோபர் அதற்குக் கடைசிப் பருவமாம். புளிப்பும் மாவும், மேலே கொஞ்சம் பட்டைத்தூள். துண்டு 3 யூரோ 40. கல்லாவில் இருந்த அம்மாவிடம் கேமராவைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினேன். அவர் முன்முடியை ஒதுக்கிவிட்டு நேராக நின்றார். ஒரு மீட்டர் தூரம், எஃப் 2.5, நொடியில் 30-இல் ஒரு பங்கு. உள்ளே துள்ளும் கண்ணாடி இல்லாத கேமரா, அந்த வேகத்திலும் கை ஆடவில்லை. பயணத்தின் நல்ல படங்களில் ஒன்று.

அக்டோபர் 11, வெள்ளி. மழை, லான் நதி

காலையிலிருந்து தூறல். லைட்ஸ் பார்க் போய்வந்தேன். 1980-களில் பக்கத்திலிருக்கும் ஸோல்ம்ஸுக்குப் போன லைக்கா, 2014-இல் இங்கே கட்டிய புது வளாகத்தோடுதான் ஊருக்குத் திரும்பியது. வட்டவட்டமான வெள்ளைக் கட்டடங்கள். பார்னாக் கையாண்ட சோதனைக் கேமரா ஒன்று 2022 ஜூனில் இங்கே ஏலத்தில் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. நான் இரண்டு லென்ஸுக்குச் சேர்த்துக் கொடுத்ததைச் சொல்லி அம்மாவிடம் வாங்கிய வசவு நினைவுக்கு வந்தது.

எனக்கு அங்கே மனதில் தங்கியது வேறு. 1930 வாக்கில் லென்ஸைக் கழற்றி மாட்டும் வசதி வந்ததும், சில வருடங்களுக்குள் 35, 50, 90, 135 என்று வரிசை கட்டிவிட்டார்கள். கேமரா வந்து பத்து வருடத்துக்குள் எந்த இரண்டை எடுப்பது என்ற தலைவலியும் பிறந்துவிட்டது. 1973-இல் வந்த சின்ன லைக்கா சிஎல்லுக்கு அவர்களே 40-ம் 90-ம் என்று இரண்டை மட்டும் செய்து கொடுத்தார்கள். என் ஜோடியை ஐந்து மில்லிமீட்டர் தள்ளி அவர்களே போட்டிருக்கிறார்கள். ஐசன்மார்க்டில் எனக்குக் குறைந்தது அந்த ஐந்துதான்.

சாயங்காலம் தம்பியும் வந்தான். பழைய கல்பாலத்தின் பக்கம் நடந்தோம். நான் நெம்புகோலைத் தள்ளிப் பார்ப்பதும், விடுவதும், லென்ஸை மாற்றலாமா என்று பையைத் திறப்பதும், மூடுவதுமாக இருந்தேன்.

"அந்தக் கொக்கியை ஆட்டிக்கிட்டே இருக்கியே, எடுக்க மாட்டியா?"

"யோசிக்கிறேன்டா."

"என் போன்ல மூணு லென்ஸ் இருக்கு அக்கா. அது என்னைக் கேட்கிறதே இல்ல, தானா மாத்திக்குது."

பதில் சொல்லாமல் வீம்புக்கு 90-ஐ மாட்டினேன். ஆற்றங்கரை பெஞ்சில் நாயோடு ஒருவர், தலைக்குமேல் வில்லோ மரம். பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து ஒன்று எடுத்தேன். லைக்காவின் ஷட்டர் சத்தம் கேட்காது என்பார்கள். நாய்க்குக் கேட்டது.

அவர் எழுந்து வந்தார். "லோஷென்" என்றார், ஜெர்மனில் அழி என்று அர்த்தம். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன், திரையே இல்லை, ஃபிலிமின் வேகத்தைக் குறித்துவைக்கும் ஐஎஸ்ஓ வட்டம் மட்டும். அவர் முகம் இளகவில்லை. தம்பி ஜெர்மனில் பேசினான். சொந்த உருவத்தின்மேல் அவரவருக்கு உரிமை உண்டு என்பது அந்த நாட்டில் 1907-இலிருந்து சட்டம். 1898-இல் பிஸ்மார்க் இறந்தபோது இரண்டு படக்காரர்கள் இரவோடிரவாக அறைக்குள் புகுந்து பிணத்தைப் படமெடுத்த விவகாரத்தில் கிளம்பியது அது. தம்பிதான் பிறகு சொன்னான். வெளியிட மாட்டேன் என்று நான் சொல்ல, அவர் கைகுலுக்கிவிட்டுப் போனார். ஆகவே அந்தப் படம் இங்கே இல்லை. நேற்று பேக்கரி அம்மாவிடம் கேட்டது ஏன் இவரிடம் கேட்கத் தோன்றவில்லை? ஒரு மீட்டரில் நின்றால் கேட்டுத்தான் ஆகவேண்டும். பத்து மீட்டர் என்னைத் திருடி ஆக்கிவிட்டது.

கை நடுங்க 35-க்கு மாறப் பார்த்தேன். ஒரு கையில் கேமரா, ஒரு கையில் லென்ஸ், கைப்பிடிச் சுவரின்மேல் பின்மூடி. தூறல், அவசரம். மூடி உருண்டது. "டக்" என்று ஒரு கல்லில் பட்டு, லான் நதியில் கறுப்புப் பொட்டாக மிதந்து பாலத்துக்கு அடியில் போயிற்று.

"அது எவ்வளவு அக்கா?"

"பேசாதே."

ஒரு கேமராவுக்கு இரண்டு லென்ஸ் என்றால் பின்மூடி ஒன்றுதான் இருக்கும், ஏனென்றால் இன்னொன்று எப்போதும் கேமராவில் இருக்கும். எவ்வளவு சிக்கனம் என்று அதில் ஒரு பெருமையும் இருந்தது எனக்கு.

அக்டோபர் 12, சனி. 90 மட்டும்

லைட்ஸ் பார்க் கடையில் மூடி கிடைக்கும். அங்கே போய் விலை கேட்கும் தெம்பு எனக்கில்லை. மாட்டியபடி இருந்தது 90. அதைக் கழற்றினால் மூடவேண்டியது இரண்டாகிவிடும். 35-இன் பின்பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, தம்பி வீட்டுக் கொத்தமல்லிக் கட்டிலிருந்து எடுத்த ரப்பர் பேண்டைப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

கால்ஸ்முன்ட் என்று ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்று, உச்சியில் இடிந்த கோட்டை. ஏறும்போது பனிமூட்டம் பள்ளத்தாக்கை நிரப்பியிருந்தது. மேலிருந்து பார்த்தால் ஊர் இல்லை. கதீட்ரலின் ஒற்றைக் கோபுரமும் சில கூரைகளும் மட்டும் பாலில் மிதந்தன. இந்த கதீட்ரலை 13-ஆம் நூற்றாண்டில் கட்ட ஆரம்பித்தவர்கள் முடிக்கவே இல்லை. புது முகப்பு பாதியில் நிற்க, இடிக்கவேண்டிய பழையது அதன் பின்னாலேயே நிற்கிறது. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் ஒரே கட்டடத்தைப் பங்குபோட்டு வழிபடுகிறார்கள்.

35 கையில் இருந்திருந்தால் வெள்ளைக் காகிதத்தில் ஒரு ஊசி நிற்பதுபோல்தான் வந்திருக்கும். 90-இல் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட ஒரு சாயல் வெளிறி வந்தன. ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன். நெம்புகோலைத் தொடவில்லை. தொட்டு என்ன ஆகப்போகிறது?

ஆனால் கீழே இறங்கியதும் கஷ்டம் தொடங்கியது. எம்6-இன் வியூஃபைண்டர் உலகத்தை 0.72 மடங்காகச் சுருக்கிக் காட்டும். அதில் 90-இன் கட்டம் நடுவில் ஒரு சின்னப் பெட்டிதான். எஃப் 2.8-இல் 2 மீட்டரில் நிற்கும் ஆளுக்கு, கூர்மையாக வரும் ஆழம் எட்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். மூக்குக்கு வைத்தால் காது போய்விடும். மூட்டம் விலகி வெயில் எதிரே வந்தபோது இரட்டைப் பிம்பத்தை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் நடு ஃபோகஸ் பொட்டு வெளுத்து மறைந்தே போயிற்று. எம்6-இன் பழைய வியாதி அது. கண்ணை லேசாக ஓரத்துக்கு நகர்த்தினால் திரும்பி வரும், அதற்குள் ஆள் போய்விடுவார். 1954-இன் எம்3-இல் இதே 90 எவ்வளவோ சுகம், அதன் வியூஃபைண்டர் 0.91 மடங்கு. ஆனால் அதில் 35-க்குக் கோடே கிடையாது. அதற்காகத்தான் 1957-இல் எம்2 வந்தது. லென்ஸ் ஜோடி தேடி நான் செலவழித்த மாதங்களில் ஒரு மாலையாவது வியூஃபைண்டரில் கண்ணை வைத்து உட்கார்ந்திருக்கலாம். எந்த லென்ஸ் உனக்கு என்று அந்த ஓட்டை முன்பே தீர்மானித்துவிடுகிறது.

ராத்திரி தம்பி க்ரூனே சோஸ் வாங்கிக்கொடுத்தான். ஏழு வகைக் கீரைகளை அரைத்துத் தயிர் மாதிரி ஒன்றில் குழைத்து, வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும் அதன்மேல். ஆறிப்போய்த்தான் வரும், அதுதான் முறையாம். 13 யூரோ 50. காரமே இல்லாத புதினாச் சட்னியை வயிறார சாப்பிட்டதுபோல் இருந்தது, எனக்குப் பிடித்தது. தம்பி பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுக்கப்போனான், முறைத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு. 35 மட்டும்

ஞாயிற்றுக்கிழமை ஊரே மூடிக் கிடந்தது. பேக்கரி மட்டும் காலையில் கொஞ்ச நேரம். பழைய பாட்டிலைக்கூட அன்றைக்குத் தொட்டியில் போடக்கூடாதாம், சத்தம் வரும் என்று.

90-ஐக் கழற்றி, அதே பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் போட்டு அலமாரியில் வைத்தேன். நேற்று 35 இருந்த அதே இடம். பையே இல்லாமல், ஒரு சட்டைப் பாக்கெட்டில் ரோலோடு, நாள் முழுக்க நடந்தேன். அன்று எடுத்தது 41. முன்மூடியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

இப்போது கான்டாக்ட் ஷீட்டிலிருந்து ஒரு கணக்கு. மொத்தம் 180 கட்டம். 90-இல் எடுத்தது 52. அதில் 44 சனிக்கிழமை ஒரே நாளில். இரண்டும் பையில் இருந்த நாட்களில் 90-இல் எடுத்தது எட்டே எட்டு, அதிலும் ஒன்று நாய்க்காரருடையது. அந்த எட்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. அவசரத்தில் மாற்றி, அரைமனதோடு எடுத்தவை. அந்த நாட்களின் 35 படங்களிலும் பாதி, பைக்குள் இருக்கும் இன்னொன்றை நினைத்துக்கொண்டே எடுத்ததுபோல் ஓரங்கள் தளர்ந்து கிடக்கின்றன. சனியும் ஞாயிறும்தான் படம் எடுத்த நாட்கள்.

அடுத்த முறையும் இரண்டு லென்ஸ்தான் எடுத்துப்போவேன். ஒன்று அறையில் இருக்கும். 90-ஐக் கொடுத்துவிட்டு 75 வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: எம்6-இல் 75-க்குத் தனிக் கட்டம்கூடச் சரியாக இல்லை, 50-இன் கோட்டோடு மூலைமூலையாகத் துண்டுத் துண்டாக வரும். எனக்கு வேண்டாம். 35-ஐ விட்டு 40-க்குப் போவதைப் பற்றி யோசிக்கிறேன். அது தனி ஜாதகம்.

அக்டோபர் 14, திங்கள். திரும்புதல்

புதிய சிடி ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும் என்பதால் ரோல்களைத் தெரியும்படியான பையில் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்டேன். விமான நிலையத்து இளைஞர் ஒவ்வொரு ரோலையும் ஒரு துணித்துண்டால் தடவி, இயந்திரத்தில் வைத்து, வரிசையாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள், ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை.

அதற்கு முன், வெட்ஸ்லர் ஸ்டேஷனில் ரயிலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கடைசி ரோலில் ஒரு கட்டம் மிச்சம். தம்பியிடம் கேமராவைக் கொடுத்தேன். நடுவிலே இரண்டாகத் தெரிவது ஒன்றாகச் சேரும்வரை வளையத்தைத் திருப்பு என்றேன்.

"எது ரெண்டா தெரியணும்?"

"என் மூக்கு."

ரொம்ப நேரம் திருப்பினான். ரயில் வந்தது, அழுத்தினான். 180-வது கட்டம். அதில் நான் ஒரு மங்கலான புடவைத் தலைப்பும் கண்ணாடியும். எனக்குப் பின்னால் பிளாட்பாரப் பலகையில் ரயில் எந்த ஊரில் பிரியும் என்று எழுதியிருப்பது, எழுத்து எழுத்தாக, கத்திபோல் கூர்மையாக வந்திருக்கிறது.